அண்ணி நூறு காட்டிய மத்தியானம்

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் அண்ணன் வீட்டில் வந்து விழுந்தபோது அண்ணி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "கால்ல கட்டின சக்கரம் கழண்டுடுச்சாடி?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பச்சைக்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை அறையில் அவள் நர்ஸ். அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் 'தொண்ணூத்திரண்டு'. குழந்தையின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று திரையில் ஓர் எண் ஓடும். நூறு வந்தால் பெற்றவர்களுக்குப் பரீட்சையில் முழு மார்க் வாங்கிய சந்தோஷம். அண்ணியோ ஆக்ஸிஜன் திருகைக் குறைத்து, தொண்ணூற்றிரண்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவாள். வேண்டியதற்கு மேல் போகிற ஆக்ஸிஜன் பிஞ்சு நுரையீரலை உள்ளேயே புண்ணாக்கிவிடும்.

"எனக்கும் தொண்ணூத்திரண்டு மார்க்தான் போட்டிருக்கா" என்பான் அண்ணன்.

"அதுவே ஜாஸ்தி" என்பாள் அண்ணி.

எலெக்ட்ரீஷியன் ஒருவரின் பெண்குழந்தை அங்கே இருந்தது. தாய் வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்து, அதையே மூச்சில் இழுத்துக்கொண்டு பிறந்த குழந்தை. நுரையீரலின் ரத்தக்குழாய்கள் மூடிய முஷ்டி மாதிரி இறுகிக் கிடந்தன. அவற்றைத் திறக்க நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைக் கொஞ்சமாக ஆக்ஸிஜனோடு கலந்து மூச்சுக்குழாய் வழியே கொடுத்தார்கள். குழந்தை தேறத் தேற இரண்டையும் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். தடாலென்று இறக்கினால் ரத்தக்குழாய்கள் மறுபடி இறுகிவிடும்.

"பக்கத்துக் குழந்தைக்கு நூறு காட்டுது. எங்களுக்கு மட்டும் என்ன கை இறுக்கம் சிஸ்டர்? உங்க வீட்டுக் காத்தா?" என்றார் எலெக்ட்ரீஷியன்.

"அது தானா மூச்சு விட்டு எடுக்கிற நூறு, சார். நான் திருகிக் குடுக்கிற நூறு உங்க பொண்ணைச் சுடும்."

"நல்லாப் பேசுறீங்க. நெஞ்சுதான் கல்லு."

ஒரு மத்தியானம் அவர் மனைவியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். தையல் வலியோடு மகளை அவள் முதல்முதலாகப் பார்க்கிறாள். குழந்தையைத் தொடப் பயந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரே ஒரு தடவை நூறைப் பாத்துட்டுப் போயிடறேன்."

அண்ணி திருகைக் கூட்டினாள். எண் ஏறி நூறில் நின்றது. அந்தப் பெண் சிரித்தாள்.

அவர்கள் போனதும் மெதுவாக இறக்கிவிடலாம் என்று அண்ணி நினைத்திருந்தாள். அதற்குள் வேறொரு தொட்டிலில் அலாரம் கத்தியது. ஓடினாள். அது அடங்குவதற்குள் வேலைநேரம் முடிந்துவிட்டது. அடுத்து வந்த நர்ஸிடம், "நல்லா இருக்கா" என்று மட்டும் சொன்னாள். 'தொண்ணூத்திரண்டு' என்று பேர் வாங்கியவள் ஒரு தாய் கேட்டாள் என்பதற்காக நூறு வைத்தாள் என்று சொல்ல வெட்கம்.

"நீங்களே நூறுல விட்டிருந்தீங்க. அப்போ குழந்தை முழுசாத் தேறிடுச்சுன்னுதானே அக்கா நினைப்பேன்?" என்று பிறகு அந்த நர்ஸ் அழுதாளாம். அப்படி நினைத்து ஆக்ஸிஜனையும் வாயுவையும் ஒரேயடியாக இறக்கியிருக்கிறாள். குழந்தை நீலம் பாரித்தது. எல்லாவற்றையும் மறுபடி ஏற்றியும் குழாய்கள் திறக்கவில்லை.

"ஏற்கெனவே மோசமான நுரையீரல். இதனாலதான்னு சொல்ல முடியாது. இதனால இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

உடலை வாங்க மனைவியை நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்த எலெக்ட்ரீஷியன் அண்ணியைத் தேடி வந்து கைகூப்பினார். "கல்லுன்னு சொன்னேன், மன்னிச்சிடுங்க. நீங்கதான் மனசு வெச்சு நூறு காட்டினீங்க. இவ அதைச் சொல்லிச் சொல்லித்தான் அழறா."

அண்ணி பேசாமல் இருந்திருக்கலாம். நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவருடைய கூப்பிய கைகள் இறங்கின. நாற்காலியில் இருந்தவள்தான் கேட்டாள்: "அப்போ, நான் கேட்டதாலயா?"

"இல்லம்மா. நான் சொல்லாமப் போனதால."

இதைச் சொல்லும்போது அண்ணி கொல்லைக் குழாயடியில் வேலைச்சட்டையை அலசிக்கொண்டிருந்தாள். "அவ நம்பினாளான்னு தெரியலடி" என்றாள். அலசிய சட்டையையே மறுபடி எடுத்து அலசினாள்.