மிச்ச சோறும் மிச்ச கரண்ட்டும்

காலை எட்டு மணிக்குத் திருத்தணி ஸ்டேஷனில் இறங்கினேன். மலைக்குப் போகும் கூட்டத்தை விட்டு விலகி, அரக்கோணம் சாலையில் நான்கு கிலோமீட்டர் தள்ளியிருந்த அன்னதானக் கூடத்துக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன். இருபது ரூபாய். மிச்ச சோற்றிலும் அரிசி களைந்த தண்ணீரிலும் எரிவாயு எடுத்து அங்கே சமைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

வாயுத் தொட்டியைப் பார்த்துக்கொள்பவர் சரோஜா. முன்பு அங்கேயே சமையல் செய்தவர். நான் போனபோது கல்யாண மண்டபத்துக் கழிவோடு ஒரு குட்டியானை சரக்கு வண்டி வந்து நின்றது. டிரம்மின் மூடியைத் திறந்ததுமே அவர் முகம் சுளித்தார்.

"இன்னா நைனா, பினாயில் வாசன வருது?"

"தரை கழுவுன தண்ணி கொஞ்சம் கலந்துட்டுதுக்கா. சோறு நெறைய கீது, ஊத்திக்கோ" என்றார் டிரைவர்.

"வேணாம். எடுத்துகினு போ."

வண்டி திரும்பிப் போனது. மதியம் முந்நூறு பேருக்குச் சமைக்க வேண்டும். வேறு கழிவு வருவதாக இல்லை. கொஞ்சம் கலந்திருந்தால் என்ன என்று கேட்டேன்.

"போன வருசம் அப்டிதாங்க தெரியாம ஊத்திட்டேன். உள்ள வாயு குடுக்குற கிருமி மொத்தமும் செத்துபோச்சு. திரும்ப சாணி கரைச்சு ஊத்தி, அது உசுரு புடிக்க ரெண்டு மாசம் ஆச்சு. தெனம் வந்து காது வச்சு கேட்டுகினு இருப்பேன். குமிழி சத்தம் கேட்ட அன்னிக்கு அழுதுட்டேன்."

"இன்றைக்கு வாயு போதுமா?"

"வெயில் ஏறட்டுங்க."

அவர் வெயிலுக்குக் காத்திருந்த காரணம் பதினொரு மணிக்குப் புரிந்தது. கூரையிலுள்ள சூரியத் தகடுகள் உச்சி வெயிலில் கூடத்தின் தேவையை மீறி மின்சாரம் தருகின்றன. அந்த உபரியை வைத்துத் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்துத் தொட்டிக்குள் விடுகிறார்கள். தொட்டியில் உண்டாகும் வாயுவில் எரியாமல் வீணாகும் கரியமில வாயுவை ஹைட்ரஜனோடு சேர்த்து, கிருமிகள் மீத்தேனாக்குகின்றன. ஏற்கெனவே உள்ளே இருக்கும் கழிவிலேயே கூடுதல் வாயு.

என் உள்ளங்கையைத் தொட்டியின் மேல் வைக்கச் சொன்னார். இளஞ்சூடாக இருந்தது. பக்கத்தில் வாயுப் பை மெல்ல உப்பிக்கொண்டிருந்தது.

இருந்தும் அவர் எல்லா அடுப்பையும் ஒரே நேரத்தில் ஏற்றவிடவில்லை. முதலில் சோறு, பிறகு சாம்பார். ரசம் கால் மணி நேரம் தாமதமானது. பந்தியில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கடைசி ஆள் எழுந்த பிறகுதான் சரோஜா சாப்பிட உட்கார்ந்தார்.

மூன்று மணி ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. என் வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டியில் தினமும் எதையெதையோ ஊற்றுகிறேன். அந்தக் குழாய்க்கு அப்பால் உயிரோடு ஏதாவது இருக்கலாம் என்று இதுவரை ஒருநாளும் நினைத்ததில்லை.