ஆறாவது பேடு

1. திரும்பி வந்த பாக்கெட்

அது வந்தது ஒரு வியாழக்கிழமை, காலை டீ முடிந்த நேரம். முதலாளி என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். மேஜையில் எங்கள் கம்பெனி பாக்கெட் ஒன்று பிரித்தபடி கிடந்தது. அதிலிருந்த காஸ் துணிப் பேடுகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்.

"எண்ணும்மா," என்றார்.

எண்ணினேன். ஆறு. மறுபடி எண்ணினேன். ஆறுதான்.

ஐந்து கேட்டவனுக்கு ஆறு கொடுத்தால் என்ன நஷ்டம் என்று வெளியாட்களுக்குத் தோன்றும். ராஜபாளையத்தில் சர்ஜிகல் துணி வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நஷ்டக் கணக்கு இல்லை. வயிற்று ஆபரேஷனில் ரத்தத்தை ஒற்றி எடுக்க உள்ளே வைக்கும் பேடு அது. ஒரு பாக்கெட்டில் ஐந்து. தையல் போடும் முன் நர்ஸ் ஐந்தையும் எண்ணி வெளியே எடுத்துவிடுவார். நாலுதான் இருந்தால் ஐந்தாவதைத் தேடுவார்கள். ஆறு இருந்தால் ஆறாவதை ஒருவரும் தேட மாட்டார்கள். அது உள்ளேயே தங்கிவிடும்.

இந்தப் பாக்கெட் போனது கேரளாவில் ஒரு ஆஸ்பத்திரிக்கு. அங்கே இருந்த நர்ஸ் பிரித்தவுடன் எண்ணிப் பார்க்கிற பழக்கம் உள்ளவர். அவருக்கு நான் இன்றைக்கும் ஜெபம் பண்ணுகிறேன். பெயர் தெரியாது.

பாக்கெட்டுக்குள் போடும் ஸ்லிப்பில் தேதியும் டேபிள் நம்பரும் இருக்கும். டேபிள் ஏழு. அதாவது செல்வராணி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவள், எங்கள் சபைக்காரி, எட்டு வருஷமாக எண்ணிக்கையில் ஒரு புகார் வராதவள். மூத்த மகளைக் கிருஷ்ணன்கோவிலில் என்ஜினியரிங் சேர்த்திருந்த வருஷம் அது. வீட்டில் சம்பாதிக்கிற கை அவளுடையது ஒன்றுதான்.

"கூடுதல் போட்டா அன்னைக்கே வீட்டுக்குன்னு போர்டுல இருக்கு. நீ எழுதுன போர்டுதான்," என்றார் முதலாளி. "சாயங்காலத்துக்குள்ள அவகிட்டச் சொல்லிரு."

நான் அந்த யூனிட்டின் சூப்பர்வைசர். சரி சார் என்று சொல்லிவிட்டு ஸ்லிப்பை எடுத்துக்கொண்டு வந்தேன்.

2. ஸ்பீக்கர்

நடந்தது புரிய வேண்டுமானால் எங்கள் ஹாலில் இருந்த ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாற்பது பெண்கள் உட்கார்ந்து காஸை மடித்து எண்ணிக் கட்டுகிற ஹால் அது. கைக்கு வேலை உண்டு, வாய்க்கும் மூளைக்கும் கிடையாது. தூக்கம் வரக் கூடாது என்று முதலாளி ஒரு ஸ்பீக்கர் மாட்டியிருந்தார். காலை முதல் மாலை வரை எஃப்.எம்.மில் சினிமாப் பாட்டு. நானும் டேபிளில் உட்கார்ந்து பத்து வருஷம் கேட்டவள்தான்.

ஒரு ஞாயிறு ஆராதனையில் முழங்காலில் நிற்கிறேன். பாவ அறிக்கை ஓடுகிறது. என் விரல் பெஞ்சில் தாளம் போடுகிறது. என்ன தாளம் என்று கவனித்தால், வாய்விட்டுப் பாடக் கூசுகிற ஒரு பாட்டு. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என் கையையே பார்த்தார். அன்றைக்குத்தான் யோசித்தேன்: நான் கூப்பிடாமலே இது எப்போது எனக்குள் வந்து குடியேறியது? ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் ஒரு காரியம் காதில் விழுந்தால், ஏழாம் நாள் ஒரு மணி நேர ஆராதனை அதை எப்படி வெளியே தள்ளும்?

பொழுதுபோக்குதானே என்று நாம் விடுகிற சங்கதிதான் நம் யோசனையை வளைக்கிறது. எதற்குச் சிரிக்கலாம், எவளை மட்டமாகப் பார்க்கலாம் என்று சத்தமில்லாமல் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறது. இந்த எண்ணத்தில் எனக்கு இன்றும் மாற்றம் இல்லை. தவறு நடந்தது அதற்குப் பிறகு.

சூப்பர்வைசர் ஆனதும் முதலாளியிடம் போய் நின்றேன். "ஏதோ ஒண்ணு போடும்மா. சத்தம் கொறச்சலா இருக்கணும், கை நிக்கக் கூடாது, அம்புட்டுதான்," என்றார். சபை வாலிபர்கள் ஒரு பென் டிரைவ் நிறையக் கீர்த்தனைகளும் தேவ செய்திகளும் ஏற்றிக் கொடுத்தார்கள். மறுநாளிலிருந்து எஃப்.எம். நின்றது.

டேபிள் எட்டில் மாரியம்மாள். வாய்த்துடுக்கு. ஆனால் ஹாலிலேயே வேகமான கை. முதல் நாளே சொன்னாள்: "கண்ணுக்கு இமை வச்ச சாமி காதுக்கு ஒரு மூடி வைக்காமப் போயிருச்சே, எஸ்தரக்கா."

எனக்கு மனுஷர் பேச்சென்றால் உயிர். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள்; மற்றதெல்லாம் பிறர் வாயைப் பார்த்துக் கற்றதுதான். நல்லதாக ஒன்று காதில் விழுந்தால், சரக்குத் தொகுதிகளைப் பதிகிற லாட் ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பேன். இதையும் சிரித்துக்கொண்டே எழுதினேன். அவள் மனு கொடுக்கிறாள் என்று எனக்குப் படவில்லை.

இன்னொரு நாள் கேட்டாள்: "மாசத்துல ஒரு நா எங்க ஆண்டாளுக்கும் ஒரு பாட்டு போட்டா என்னக்கா?"

"கம்பெனியில சாமி பேதம் வேண்டாம் மாரி," என்றேன். ஸ்பீக்கரில் அந்நேரம் என் சாமியின் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது.

3. டேபிள் ஏழு

ஸ்லிப்பை நீட்டினேன். செல்வராணி தேதியைப் பார்த்தாள். கையிலிருந்த காஸைக் கீழே வைத்தாள்.

"என் டேபிள்தாங்க்கா. நான் போயிருதேன்."

பையை எடுக்க எழுந்தாள். பக்கத்தில் மாரியம்மாள் ஸ்லிப்பை எட்டிப் பார்த்து, கையை நிறுத்தாமலே பேசினாள்.

"ஏட்டி, உக்காரு. அக்கா, அவ சொல்ல மாட்டா, நான் சொல்லுதேன். அன்னைக்கு அவ கண்ணத் தொடச்சுத் தொடச்சு எண்ணிக்கிட்டு இருந்தா. 'அக்கா, இங்க வாங்க'ன்னு உங்கள ரெண்டு தரம் கூப்பிட்டேன். நீங்க இப்பிடிக் காட்டுனீக." உள்ளங்கையை விரித்து, பொறு என்பதுபோல் காட்டினாள். "காட்டிட்டு சத்தத்தக் கூட்டி வச்சீக."

எனக்கு ஞாபகம் வந்தது. அந்த வாரம் ஒரு பிரசங்கம் போட்டேன். சினிமா, சீரியல் பற்றியது. நல்ல குரல் அந்த ஆளுக்கு. சிரிக்க வைப்பார், சட்டென்று தாழ்த்தி அழ வைப்பார். பிடித்துப்போய் இரண்டாம் தடவையும் போட்டேன். அதில் உச்சமாக ஒரு இடம் உண்டு: டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிற ஸ்திரீயே, உன் வீட்டில் உயிர் போனாலும் உனக்குக் கேட்காது, அந்த உயிருக்குக் கணக்குக் கேட்டுக் கர்த்தர் உன்னிடம் விசாரிப்பார் என்று. அந்த இடம் வரும்போதுதான் சத்தத்தைக் கூட்டினேன். ஹாலில் இருக்கிற பெண்கள் நன்றாகக் கேட்கட்டும் என்று.

செல்வராணியைக் காஸ் காயப்போடுகிற முற்றத்துக்குக் கூட்டிப் போனேன். கொடியில் தொங்கிய வெள்ளைத் துணிகளுக்கு நடுவே நின்று, என் முகத்தைப் பாராமல் சொன்னாள்.

"எங்கம்மா போன வருசம் செத்தது தெரியும்லாக்கா. எப்பிடின்னு தெரியாது. நான் சீரியல் பாத்துக்கிட்டு இருந்தேன். உள்ரூமுல இருந்து 'ராணி'ன்னு கூப்பிட்டுச்சு. 'வெளம்பரம் போடட்டும்மா, வாரேன்'னேன். கொஞ்ச நேரங்கழிச்சு இன்னொருக்கா கூப்பிட்டுச்சு. பொறவு வெளம்பரம் வந்துச்சு. தண்ணி கொண்டுக்கிட்டுப் போனேன்."

கொடியைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பிடியும் போயிருக்கும்னு டாக்டரு சொன்னாரு. டி.வி.யத் தூக்கிக் குடுத்துட்டேன். சபைக்கு வாரேன், போறேன், ஒருத்தர்ட்டயும் வாயத் தொறக்கல. அந்தப் பிரசங்கியாருக்கு எப்பிடிக்கா தெரிஞ்சுச்சு?"

அவருக்கு ஒன்றும் தெரியாது, எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னார் என்று விளக்கினேன். அவள் தலையாட்டினாள். நம்பிய தலையாட்டல் இல்லை.

4. தராசு

சாப்பாட்டு நேரத்தில் லாட் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். பெட்டி சீல் வைக்கும் முன் பெட்டிக்குப் பத்து பாக்கெட் எடுத்து எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் பார்ப்பது சூப்பர்வைசர் வேலை. ஒரு பேடு கூடினால் எடை காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் தேதியில் எல்லாப் பெட்டிக்கும் நேரே டிக் இருந்தது. கீழே என் கையெழுத்து.

டிக் எல்லாம் ஒரே சாய்வில், ஒரே இழுப்பில் போட்டது. நான் தராசுப் பக்கமே போகவில்லை. ஸ்பீக்கருக்கு அடியில் நின்று, கேட்டுக்கொண்டே பேனாவை ஓட்டியிருக்கிறேன்.

செல்வராணி விளம்பரத்துக்குக் காத்திருந்தாள். நான் பிரசங்கத்தின் உச்சத்துக்குக் காத்திருந்தேன். அவளாவது வாரேன் என்று அம்மாவுக்குப் பதில் சொன்னாள். நான் கையைக் காட்டி வாயை அடைத்தேன். அந்தப் பிரசங்கத்தை நான் ரசித்தேன். ரசித்தேன் என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். அது என்னைத் தொட்டு ஒன்றையும் திருத்தவில்லை. மற்ற பெண்களைப் பற்றி நான் ஏற்கெனவே நினைத்திருந்ததை இனிமையான குரலில் திருப்பிச் சொன்னது. சீரியல் செய்கிற வேலையும் அதுதான்.

ரிஜிஸ்டரை மூடி வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ரிட்டயர் ஆக எனக்கு இரண்டு வருஷம் இருந்தது. இந்த யோசனை வந்ததையும் மறைக்கவில்லை. மணி அடிக்கும் வரை அதோடுதான் உட்கார்ந்திருந்தேன். பிறகு ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குப் போனேன்.

"தராசுல வைக்காமலே டிக் அடிச்சியா?" என்றார் முதலாளி.

"ஆமா சார்."

"எதுக்கு?"

"பிரசங்கம் கேட்டுக்கிட்டு இருந்தேன். ஒரு பொம்பள அழுதுக்கிட்டு எண்ணுறான்னு சொல்ல ரெண்டு தரம் கூப்பிட்டாக. அதையும் கண்டுக்கிடல. அவள அந்நேரமே டேபிள விட்டு எழுப்பியிருக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சினிமாப் பாட்டு மனசக் கெடுக்கும்னு சொல்லித்தானம்மா மாத்துன."

"ஆமா சார்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்: "எண்ணுறவுக தப்பு விடுவாகன்னுதான் தராசு வாங்கி வச்சிருக்கு. அந்தப் பொண்ணு இருக்கட்டும். நீ நாளையில இருந்து டேபிள்ல உக்காரு. இப்ப கொடவுன்ல இருக்க அந்த லாட்டு பூராவையும் எட போடு. போன பெட்டிக்கெல்லாம் நான் போன் போடுதேன்."

சாயங்காலம் வரை எடை போட்டேன். செல்வராணியும் மாரியம்மாளும் பெட்டி பிரித்துக் கொடுத்தார்கள். வேறு தவறு இல்லை. ஸ்பீக்கர் வயரை எலக்ட்ரீசியன் அன்றே கழற்றிவிட்டார். மாரியம்மாள் மேலே பார்த்துச் சொன்னாள்: "சூப்பர்வைசர் வேலையும் போச்சு, ஸ்பீக்கரும் போச்சு. இனி எங்க வாயத்தான் கேக்கணும் நீங்க."

இரண்டு வருஷம் கேட்டேன். அந்த ஹாலில் பேசுகிற பெண்களுக்கு எம்புட்டு யோசனை இருக்கிறதென்று அப்போதுதான் தெரிந்தது. முந்தின நாள் சீரியலை எடுத்துவைத்து, மருமகள் செய்தது நியாயமா, கதை எழுதினவன் அவளை ஏன் அப்படி அழ விடுகிறான் என்று பிய்த்துப்போடுவார்கள்.

இப்போது சபையில் வாலிபப் பிள்ளைகள் கேட்கிறார்கள், இந்தப் படம் பார்க்கலாமா ஆண்ட்டி, அந்தப் பாட்டு கேட்கலாமா என்று. நான் பட்டியல் கொடுப்பதில்லை. அது உன்னை எதற்குச் சிரிக்க வைக்கிறது, யாரை வெறுக்க வைக்கிறது என்று பார். அதை விட்டு எழுந்தபின் வீட்டில் இருப்பவர்கள் உனக்கு மனுஷராகத் தெரிகிறார்களா என்று பார். பிரசங்கம் கேட்டு முடித்தாலும் இதையே பார். நல்ல காரியத்துக்கு இந்தச் சோதனை வேண்டாம் என்று நினைத்ததுதான் நான் செய்த பிழை.

அந்த வியாழக்கிழமை வேலை முடிந்து செல்வராணியும் நானும் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் தூரத்தில் தெரிந்தபோது கேட்டாள்:

"அக்கா, ஆண்டவர் நெசமாவே எங்கம்மா உசுர எங்கிட்ட விசாரிப்பாரா?"

ஒரு பென் டிரைவ் நிறைய இதற்குப் பதில் வைத்திருந்தவள் நான்.

"எனக்குத் தெரியல ராணி. அப்பிடி ஒரு நாள் வந்தா, நானும் உன் பக்கத்துல நிக்கேன்."

பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. ஸ்டாப்பின் கல் பெஞ்சில் உட்கார்ந்து, தன் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தது, தலைக்கு எண்ணெய் வைக்கும்போது வலிக்க வலிக்க வாருவது, கோபம் வந்தால் தெலுங்கில் திட்டுவது. அடுத்த பஸ்ஸும் வந்து போயிற்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.