நன்னாரியில் நனைத்த பஞ்சு

என் தங்கை புருஷன் ரெமிஜியஸ் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். பெரிய வெள்ளியன்று மட்டும் சிலுவை தூக்குவார். இரண்டில் எது கனம் என்று ஒருமுறை கேட்டேன். "மூட்டைதான் மச்சான். அதைத் தூக்குறப்ப யாரும் அழ மாட்டாங்க" என்றார்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குக் கிழக்கே, வாய்க்கால் கரையோரம் இருக்கிறது. தவக்காலம் முடியும்போது பாஸ்கா, அதாவது ஆண்டவரின் பாடுகளை நாடகமாக, நடத்துவோம். பெரிய வெள்ளி மத்தியானம் மாதா கோயிலிலிருந்து கிளம்பி, கடைத்தெரு வழியாகப் போய், உளுந்து பிடுங்கிய வயலில் சிலுவையை நடுவோம். வசனமெல்லாம் ஒலிபெருக்கியில் வரும். முன்பே தஞ்சாவூரில் பதிவு செய்து வைத்தது. நாங்கள் வாயசைத்தால் போதும். ஆண்டவரின் குரல் ரெமிஜியஸின் குரல். மூட்டை தூக்குகிற மனிதனுக்குள் அப்படி ஒரு குரல் எங்கே ஒளிந்திருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் மிக்கேல்ராஜ், பம்புசெட் மெக்கானிக். பாஸ்காவில் ரோமைச் சேவகன். சாட்டையால் அடிப்பது, பஞ்சைப் புளித்த காடியில் நனைத்து நீட்டுவது, கடைசியில் ஈட்டியால் குத்துவது எல்லாம் என் வேலை. அன்றைக்கு ஊர்க் கிழவிகள் என்னை முறைக்கிற முறைப்பில் பால் திரிந்துவிடும். மாப்பிள்ளைக்கு நேர்மாறு. மற்ற நாளில் "ஏய், லோடு" என்று கூப்பிடுகிற மிராசுதார் வீட்டம்மா அன்றைக்கு அவரைப் பார்த்துக் கைகூப்பி நிற்பார். குழந்தைகளைத் தூக்கிவந்து அவர் அங்கி விளிம்பில் தொட வைப்பார்கள். அந்த ஒரு நாளுக்காகத்தான் அவர் மிச்ச நாளெல்லாம் முதுகைக் கொடுத்தார். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. நானாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

ஆனால் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆண்டவர் வேஷம் கட்டுகிறவருக்கு நோய்நொடி இருக்கக் கூடாது. முன்னொரு காலத்தில் ஒருவருக்குச் சிலுவையிலேயே வலிப்பு வந்துவிட்டதாம். அந்த வருடம் கடைமடைக்குத் தண்ணீரே வரவில்லையாம். மேட்டூரில் தண்ணீர் இல்லாததற்கு அந்த மனிதன் என்ன செய்வான்? அதைக் கேட்கப் போனால் என்னை வேதத்துக்குப் புறம்பானவன் என்பார்கள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், சிலுவை கடைத்தெருவுக்குள் நுழைந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. ரெமிஜியஸ் தள்ளாடினார். நான் சாட்டையை ஓங்கினேன். சனம் மாரில் அடித்துக்கொண்டு அழுதது. வெரோணிக்கா வேஷத்தில் என் தங்கை ஜூலியட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவர் முகத்தில் வெள்ளைத் துணியை ஒற்றினாள். ஆண்டவர் முகம் பதிந்த அந்தத் துணியைச் சனத்துக்கு விரித்துக் காட்டிவிட்டு அழுதபடி ஓரம் போக வேண்டும். அவள் விரித்துக் காட்டவில்லை. துணியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

"அண்ணே, மூஞ்சி ஜில்லுன்னு இருக்கு."

"வேர்வைதானே?"

"இந்த வெயில்ல வேர்வை ஜில்லுன்னு இருக்குமா? அவருக்குச் சக்கரை வியாதிண்ணே. ரெண்டு வருசமா மாத்திரை. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாரு."

நான் சாட்டையை வீசியபடியே பேசினேன். நிறுத்தினால் சனம் பார்க்கும். "இன்னிக்கிச் சாப்பிட்டாரா?"

"ஒருசந்தி. பச்சைத் தண்ணிகூட இல்ல. விடியக்காலையில மாத்திரைய மட்டும் போட்டுக்கிட்டாரு. போடலைன்னா மயங்கிடுவேன்னு பயந்து."

ஒருசந்தி என்றால் ஒருவேளை மட்டும் சாப்பிடும் நோன்பு. ஆண்டவர் வேஷக்காரர் பெரிய வெள்ளியன்று அந்த ஒருவேளையும் தொட மாட்டார், சிலுவையிலிருந்து இறக்கும்வரை. சாப்பிடாமல் அந்த மாத்திரை போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் பட்டறையில் ஒருத்தர் அப்படித்தான் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, நாக்குக் குழறிச் சாய்ந்தார்.

"நிறுத்திடுவோம்" என்றேன்.

"நிறுத்தினா அவரு இனிமே இந்த ஊர்ல நிமிந்து நடக்க மாட்டாருண்ணே. எப்படியாச்சும் இனிப்பா எதாவது உள்ள போகணும்."

பெரிய வெள்ளியன்று எங்கள் தெருவில் அடுப்புகூட எரியாது. திறந்திருந்த ஒரே கடை ஜெய்னுலாபுதீன் பாயுடையது. ஊர்வலத்தில் வருகிற குழந்தைகளுக்காக வருடா வருடம் அவர் நன்னாரி சர்பத் கலக்கி வைப்பார். ரோமைச் சேவகன் தலைக்கவசத்தோடு கடைக்குள் நுழைந்ததும் பாய் திகைத்துப் போனார்.

"என்ன மிக்கேலு, பாதியில வந்துட்டீங்க?"

"பாய், கேள்வி கேட்காதீங்க. தண்ணி கலக்காத சர்பத் கொடுங்க."

அவர் கேட்கவில்லை. பாட்டிலை எடுத்து என் காடிச் சட்டியில் பாதி கவிழ்த்தார். மீதியைப் பாட்டிலோடு, என் பின்னாலேயே வந்த ஜூலியட் வாங்கி முந்தானைக்குள் செருகிக்கொண்டாள். நான் ஓடிப்போய் ஊர்வலத்தைப் பிடித்தேன்.

வயலில் அவரைச் சிலுவையில் சேர்த்துக் கட்டினோம். "மாப்ள, இதை இப்பவே குடிச்சிருங்க" என்று காதில் சொன்னேன். அவர் கண் என்மேல் நிற்கவில்லை. என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தது. "கயித்த இறுக்கு மச்சான்" என்றார். நாக்கு தடித்திருந்தது.

சிலுவை எழும்பியது. சனம் ஓலமிட்டது. ஒலிபெருக்கியில் அவர் குரல் கணீரென்று பேசிக்கொண்டிருக்க, மேலே அவர் உதடு வேறெங்கோ அசைந்தது. பக்கத்தில் நின்ற கோயில் நாட்டாண்மை ஞானாதிக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த வருசம் மாதிரி என்னைக்கும் பண்ணினதில்ல. ஒடம்பே நடுங்குது பாரு" என்றார். எனக்கு அந்த ஆளை ஈட்டியால் குத்தலாம் போலிருந்தது.

"தாகமாயிருக்கிறது" என்றது ஒலிபெருக்கி.

பஞ்சைச் சர்பத்தில் முக்கிக் கழியில் செருகி நீட்டினேன். எங்கள் பாஸ்காவில் ஆண்டவர் காடியைக் குடிக்க மாட்டார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். எத்தனையோ வருடமாகத் திருப்பிப் பழகிய முகம். நினைவே தடுமாறிக்கொண்டிருந்தபோதும் அது திரும்பியது.

"மாப்ள, காடி இல்ல. சர்பத்து. குடிங்க."

"ஒருசந்தி மச்சான்..."

"உங்க ஒருசந்தியில மண்ணு விழ! குடிங்க!"

பஞ்சை அவர் வாயில் வைத்து அழுத்தினேன். பல்லைக் கடித்துக்கொண்டார். சர்பத் தாடியில் வழிந்து நெஞ்சில் இறங்கியது. சேவகனின் கொடுமையைப் பார்த்து ஒரு கிழவி என்மேல் மண்ணை அள்ளி வீசினாள்.

"எல்லாம் நிறைவேறிற்று." ஒலிபெருக்கி சொன்னதும் தலை தொங்கியது.

நடிப்பா, நிஜமா? கீழே நின்ற எனக்குத் தெரியவில்லை. அடுத்து மாதாவின் நீண்ட ஒப்பாரி, அதற்கப்புறம்தான் இறக்குவது. நடுவில் ஈட்டி இருந்தது. விலாவில் துணிக்கடியே பீட்ரூட் சாறு அடைத்த பை இருக்கும். தகர முனைதான் என்றாலும் குத்தினால் வலிக்கும். அதனால் நான் ஈட்டியை ஓங்கியதும் அவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார். செத்துப்போன ஆண்டவரின் வயிறு உள்ளே போவது சனத்துக்குத் தெரியாது. எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

ஓங்கினேன். வயிறு அசையவில்லை. இன்னொரு முறை ஓங்கினேன். அசையவில்லை.

ஈட்டியைத் தூக்கி எறிந்தேன். "இறக்குங்கடா! இறக்குங்கடா அவரை!"

சேவகன் மனம் திரும்பிவிட்டான் என்று சனம் நினைத்ததோ என்னவோ, முழங்காலில் விழுந்தது. நான் ஏணியில் ஏறிக் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். ஆளை இறக்கி, மாதா வேஷம் கட்டிய இருதயம்மாள் மடியில் ஒருக்களித்துப் போட்டோம். ஜூலியட் மேலே முக்காட்டை விரித்து மறைத்துக்கொண்டு, பாட்டிலில் விரலை முக்கி முக்கி அவர் கன்னத்தின் உள்பக்கம் தடவினாள். ஒலிபெருக்கியில் மாதா தன் பாட்டுக்கு அழுதுகொண்டிருந்தாள். என் தங்கை அழவில்லை. "முழுங்குங்க, முழுங்குங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரமென்று தெரியாது. தொண்டை அசைந்தது. கொஞ்சம் கழித்துக் கண் திறந்தது. இருதயம்மாள், "ஆண்டவரே, முழிச்சிட்டாரு!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டாள். ஆண்டவர் மூன்றாம் நாள்தான் உயிர்க்க வேண்டும். எங்கள் ஊரில் அன்றைக்கே எழுந்துவிட்டார்.

நாட்டாண்மை ஓடிவந்தார். ரெமிஜியஸ் என் கையைப் பிடித்தார். சொல்லாதே என்று அந்தப் பிடி கெஞ்சியது.

"வெயிலுங்க" என்றேன்.

"வெயிலு என்னய்யா வெயிலு? ஒருசந்தி பிடிச்ச ஒடம்பு! புண்ணியவான்!" நாட்டாண்மை அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

எங்கள் ஊர் நியாயம் அதுதான். பட்டினியில் மயங்கினால் புண்ணியவான், சர்க்கரையில் மயங்கினால் அபசகுனம்.

உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நாட்டாண்மை அறிவித்தார். இனி உயிருள்ளவரை ரெமிஜியஸுக்குத்தான் ஆண்டவர் வேஷம். சனம் கைதட்டியது. மாப்பிள்ளை முகம் கல்யாண மாப்பிள்ளை முகமாக இருந்தது. நான் ஜூலியட்டைப் பார்த்தேன். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனாள்.

"இவருக்குச் சக்கரை வியாதி இருக்கு. அன்னிக்கி மயங்கினது அதுலதான். அடுத்த வருசம் இவரைச் சிலுவையில ஏத்தணும்னா, எனக்கு ஒரு வெள்ளைச் சேலை வாங்கிக் கொடுத்துட்டு ஏத்துங்க."

கைதட்டல் நின்றது. நாட்டாண்மை சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். ரெமிஜியஸ் அவளைப் பார்த்தார். நான் அவரைச் சாட்டையால் அடித்திருக்கிறேன், காறித் துப்பியிருக்கிறேன், ஈட்டியால் குத்தியிருக்கிறேன். அந்த முகம் ஒருநாளும் அப்படி ஆனதில்லை. ஆனாலும் அவள் செய்ததுதான் சரி.

குறுவை அறுப்புவரை அவர் அவளோடு பேசவில்லை. சேதி தெரிந்த மேஸ்திரி மூட்டை தூக்க வேண்டாமென்று சாக்குத் தைக்க உட்கார்த்தி வைத்தார். ஆற்றில் தண்ணீர் வந்தது, கடைமடைவரை வந்தது. அதைப் பற்றி ஊரில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

போன வருடம் ஆன்டோ ஆண்டவர் வேஷம் கட்டினான். கல்லுப்போல் இளவட்டம், கொத்தனார். பயிற்சிக்கே வராத ரெமிஜியஸ் பெரிய வெள்ளியன்று காலையில் சேவகன் உடுப்பு கேட்டு என் வீட்டுக்கு வந்தார். "ஈட்டிய நீ வச்சுக்க மச்சான். பஞ்ச என்கிட்டக் கொடு" என்றார். கையில் பாய் கடை பாட்டில் இருந்தது.

"ஆன்டோவுக்கு என்ன மாப்ள, குத்துக்கல்லாட்டம் இருக்கான்?"

"நானும் அப்படித்தான இருந்தேன். அவன் என்னத்த மறைச்சு வச்சிருக்கானோ, யாரு கண்டா?"

அன்று மத்தியானம் வயலில் சிலுவை எழும்பியது. குரலை மாற்றிப் பதியக் கோயிலில் காசில்லாததால் ஒலிபெருக்கியில் ரெமிஜியஸின் குரலே வந்தது. "தாகமாயிருக்கிறது." அவர் தன் குரலையே கேட்டுக்கொண்டு நின்றார், கண் கலங்கியிருந்தது. பிறகு கழியை உயர்த்தினார். ஆன்டோ வழக்கப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டான். ரெமிஜியஸ் கழியை இறக்கவில்லை.

"குடிடா" என்றார். ஆன்டோ குடித்தான்.