பூஜ்ஜியத்துக்கு வைத்த பொட்டு

அமுதவள்ளியோடு சண்டை போடாத ஆள் பண்டமாரானில் இருந்தால் அவர் ஊருக்குப் புதுசு என்று அர்த்தம். வாசலை அடைத்துக் காரை நிறுத்தியவன், அழுகல் மீனை அடியில் வைத்துக் கட்டிக்கொடுத்த பாசார் மீன்காரி, காகிதத்தில் முத்திரை இல்லாமல் கவுண்டருக்கு வந்த லோரி டிரைவர் என்று எல்லாருக்கும் ஒரே மரியாதைதான். அதில் அவள் பாரபட்சம் பார்த்ததில்லை. புருஷன் ஜெயராஜ் மட்டும் பிழைத்துக்கொண்டார். காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் அவர் சாப்பிடவே உட்காருவார்.

இப்படிப்பட்டவளை ஒரு கம்பெனி இத்தனை வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறது என்றால் அதற்குக் காரணம் அவளுடைய வலது கை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் அண்ணாமலை நடத்தும் ஃபார்வர்டிங் ஆபீசில், வந்திறங்கும் கண்டெய்னர்களின் எடை, பெட்டிகளின் எண்ணிக்கை, சரக்கின் எண் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி கஸ்டம்ஸுக்கு அனுப்புவது அவள் வேலை. கீபோர்டின் வலப்பக்கத்து எண்களில் விரல்கள் ஓடும்போது அவள் கண் காகிதத்தில் இருக்கும், வாய் யாரையாவது திட்டிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடம் முடித்த கையோடு கிள்ளான் டவுனில் டைப்பிங் கிளாஸ் போய்ப் பழகிய கை அது. திரையை நிமிர்ந்து பார்ப்பது கற்றுக்குட்டிகளின் பழக்கம் என்பது அவள் கட்சி. அந்த ஜன்னலோர மேசை அவளுக்கு வீட்டைவிடப் பெரிசு. வீட்டில் அவள் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. இங்கே அவள் 'ஆச்சு' என்று சொன்னால்தான் லோரி நகரும்.

அந்த மேசைக்குத்தான் வேட்டு வைக்கப் பார்த்தான் லோகேஷ்.

லோகேஷ் அண்ணாமலையின் மருமகன். மகள் அழகம்மையைக் கட்டிக்கொண்டு பெட்டாலிங் ஜெயாவிலிருந்து நேரே மேனேஜர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவன். வந்த புதிதிலேயே, "சிஸ்டமும் பழசு, ஆளும் பழசு" என்று போனில் யாரிடமோ சிரித்தது அமுதவள்ளியின் காதில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் அவனைத் தம்பி என்று கூப்பிடவில்லை. 'மிஸ்டர் லோகேஷ்' என்பாள். அந்த மிஸ்டரில் பச்சைமிளகாய்க் காரம் இருக்கும்.

அந்த ஆபீசில் ஆயுத பூசை என்றால் லோரியிலிருந்து போட்டோகாப்பி மெஷின் வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். கம்ப்யூட்டர்களுக்கு வைப்பது எப்போதும் அமுதவள்ளி. திரையின் மேல் மூலையில், சுண்டுவிரலால், மிளகளவு. சென்ற பூசையன்று லோகேஷ் கையைக் கட்டிக்கொண்டு கதவோரமாக நின்று, "எலெக்ட்ரானிக்ஸ் சாமான் மேல இதெல்லாம் வேணுமா மாமா?" என்று கேட்டான். அவள் விடுவாளா? பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனக் கிண்ணத்தை அண்ணாமலையின் கண்ணெதிரே அவன் கையில் திணித்தாள்.

"முதலாளி வீட்டு மாப்பிள்ளை இருக்கும்போது நான் வைக்கலாமா? நீங்களே வைங்க மிஸ்டர் லோகேஷ். கை அழுக்கானா சிங்க்ல சோப்பு இருக்கு."

மாமனாருக்கு வாயெல்லாம் பல். மருமகனுக்கு வேறு வழியில்லை. கடுகடுவென்று ஒவ்வொரு மேசையாகப் போனவன், அவள் மேசைக்கு வந்ததும் கிண்ணத்தில் மிச்சமிருந்ததை வழித்து, கீபோர்டின் மேலேயே ஓர் அப்பு அப்பி, அதற்கு மேல் குங்குமத்தையும் தூவிவிட்டுப் போனான். அவனை மடக்கிவிட்ட சந்தோஷத்தில் அமுதவள்ளி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் மேலாகத் தெரிந்ததைத் துணியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

தீபாவளி முடிந்த பிறகு பூஜ்ஜியம் காணாமல் போக ஆரம்பித்தது. பதினாலாயிரம் கிலோ தரை ஓடுகளோடு வந்த கண்டெய்னர் ஒன்று காகிதத்தில் ஆயிரத்து நானூறு கிலோவாக இளைத்துப்போய், துறைமுக கேட்டில் மாட்டிக்கொண்டது. சரக்குக்காரன் போனில் கத்தினான். லோகேஷ் கத்தவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"கண்ணு செக் பண்ணீங்களா ஆன்டி? வயசாச்சுன்னா சொல்லிடுங்க, பரவால்ல."

"என் கண்ணுக்கு ஒரு கேடும் இல்ல. உங்க கீபோர்டுதான் ஸீரோவ முழுங்குது."

அவன் குனிந்து, ஆள்காட்டி விரலால் பூஜ்ஜியத்தின் நட்டநடுவில் அழுத்தினான். திரையில் பூஜ்ஜியங்கள் வரிசையாக வந்து நின்றன.

"நல்லாத்தானே இருக்கு? பிராப்ளம் கீபோர்டுல இல்ல லா ஆன்டி."

அமுதவள்ளி தனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். வயரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் சொருகினாள். எண்களுக்கான விளக்கு எரிகிறதா என்று பார்த்தாள், எரிந்தது. கீபோர்டைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். பிஸ்கட் தூளும் ஒரு ஸ்டேப்பிள் ஊசியும்தான் விழுந்தன. பூஜ்ஜியம் பத்து தடவை ஒழுங்காக வரும், அவள் நம்பிக்கை வந்து வேகம் எடுத்ததும் கழுத்தை அறுக்கும். புதுசு வாங்கித் தரச் சொன்னால், வேலை செய்கிற சாமானை எதற்கு மாற்ற வேண்டும் என்றான் லோகேஷ். ஒன்றை நீயே வாங்கிப் போட்டுத் தொலையேன் என்றார் ஜெயராஜ்.

"கம்பெனி சாமான நான் எதுக்கு வாங்கணும்? வாங்கினா என் மேலதான் தப்புனு ஆயிடும்!"

அவர் காதுக்கருவியைக் கழற்றினார்.

அவளும் வேகத்தைக் குறைத்துத் திரையைப் பார்த்துப் பார்த்துத் தட்டத்தான் செய்தாள். காகிதம் மேசையில் குவிந்தது, டிரைவர்கள் கவுண்டரில் முனகினார்கள். அவசரத்தில் மறுபடியும் ஒரு பூஜ்ஜியம் தப்பியது. லோகேஷ் அதற்காகவே காத்துக்கொண்டிருந்தவன் போல வந்தான்.

"இனிமே நீங்க கவுண்டர்ல ஸ்டாம்ப் அடிங்க ஆன்டி. சுபா இங்க உக்காரட்டும். மாசக் கடைசியில மாமாகிட்ட பேசி, உங்கள வச்சிக்கறதா வேணாமானு முடிவு பண்ணலாம்."

சுபா அழகம்மையின் சித்தப்பா மகள், காலேஜ் முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். அமுதவள்ளி எதுவும் பேசாமல் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் பேசாமல் எழுந்ததை அந்த ஆபீசில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையின் மேல் விரல்களைத் தட்டிப் பார்த்தாள். கட்டைவிரல் பூஜ்ஜியத்துக்குப் போகிற மாதிரித்தான் இருந்தது. ஒருவேளை போகவில்லையோ? அவன் சொன்னது நிஜம்தானோ? ஊரையே சந்தேகப்பட்ட பொம்பளை தன் கையைச் சந்தேகப்பட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் பயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் சுபா அனுப்பிய கண்டெய்னரும் கேட்டில் மாட்டிக்கொண்டது. எடையில் ஒரு பூஜ்ஜியம் குறைச்சல்.

லோகேஷ் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, தேன் ஒழுகும் குரலில் சொன்னான். "இட்ஸ் ஓகே சுபா, பயப்படாதே. கீபோர்டு பழசு. மாத்திடலாம்."

கவுண்டரில் ரப்பர் ஸ்டாம்பை ஓங்கிய அமுதவள்ளியின் கை அப்படியே நின்றது. ஸ்டாம்பைக் கீழே வைக்கவும் மறந்து உள்ளே வந்தாள்.

"எனக்கு வயசு. அவளுக்குக் கீபோர்டா?"

 அறைக்குள்ளிருந்து அண்ணாமலை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன அமுதா சத்தம்?"

"உங்க மாப்பிள்ளைய கேளுங்க முதலாளி. என் கையில முடியலனு கவுண்டருக்குத் தள்ளினாரு. இப்ப இந்தப் பொண்ணுக்கும் வயசாயிடுச்சானு கேளுங்க!"

சுபா யாருக்கும் பரிந்துகொண்டு வரவில்லை, பயத்தில் உண்மையைச் சொன்னாள். "பெரியப்பா, நடுவுல அழுத்தினா வருது. கட்டைவிரலால இந்த ஓரத்துல அழுத்தினா சில நேரம் வரல." அழுத்திக் காட்டினாள். நடுவில் வந்தது. இடது ஓரத்தில் தட்டியதும் அந்த அகலமான பூஜ்ஜியக் கட்டை பாதியில் நின்றது, திரையில் ஒன்றும் விழவில்லை. வேகமாகத் தட்டுகிறவர்களின் கட்டைவிரல் போய் விழுகிற இடமே அந்த ஓரம்தான். லோகேஷ் வேகமாகத் தட்டுகிற ஜாதி இல்லை.

அமுதவள்ளி கொண்டையிலிருந்து ஊசியை உருவிப் பூஜ்ஜியத்தின் அடியில் கொடுத்து நெம்பினாள். கட்டை துள்ளி விழுந்தது. உள்ளே மஞ்சளாகக் காய்ந்து இறுகிய சந்தனம், அதன் மேல் குங்குமச் சிவப்பு. கட்டையை இரண்டு பக்கமும் சமமாக இறக்குகிற சின்னக் கம்பி அதில் புதைந்து கிடந்தது. பன்னீர் வாசனைகூட லேசாக வந்தது.

லோகேஷ் லேசுப்பட்ட ஆளா? சட்டென்று மாமனார் பக்கம் திரும்பினான். "பாத்தீங்களா மாமா? நீங்க செஞ்ச பூசைதான் தப்புங்கறாங்க."

ராகு காலத்தில் லோரி கிளப்ப விடாத மனிதர் அண்ணாமலை. எல்லாரும் அமுதவள்ளியைப் பார்த்தார்கள். தொலைந்தாள் என்றுதான் நினைத்தார்கள்.

"பூசை வருஷா வருஷம் நடக்குது முதலாளி, நானும் வருஷா வருஷம் பொட்டு வைக்கிறேன். ஸ்க்ரீன் மூலையிலதான் வைப்பேன், ஒரு மெஷின் நின்னதில்ல. இது சாமிக்கு வச்ச சந்தனம் இல்ல. என் மேல இருந்த கோவத்துல வச்சது."

அண்ணாமலை கீழே கிடந்த கட்டையை எடுத்து மோந்து பார்த்தார். "கிண்ணம் அன்னிக்கு உங்க கையிலதான இருந்துச்சு மாப்ள?" என்றார்.  அவர் அவளிடமும் திரும்பினார். "அவர் கையில திணிச்சவ நீதான அமுதா? போதும் ரெண்டு பேரும். போய் உன் எடத்துல உக்காரு."

அவ்வளவுதான். மாப்பிள்ளையை ஆட்கள் முன்னால் அதற்கு மேல் கேட்க அவரால் முடியாது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரும் என்று ஸ்டாம்பும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள் அமுதவள்ளி. வரவில்லை.

மறுநாள் அவள் மேசையில் புதுக் கீபோர்டு பெட்டியோடு இருந்தது. "மாத்திக்குங்க ஆன்டி," என்றான் லோகேஷ், முகத்தைப் பார்க்காமல். அவள் பெட்டியைப் பிரிக்காமலே தூக்கிச் சுபாவின் புது மேசையில் வைத்தாள். பழையதில் கம்பி அசைகிற அளவுக்கு மட்டும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். சுற்றியிருந்த மஞ்சளைத் தொடவில்லை.

"அதையும் க்ளீன் பண்ணலாமே?"

"இருக்கட்டும் மிஸ்டர் லோகேஷ். இன்னொரு தடவ யாராச்சும் எனக்கு வயசாச்சுனு சொன்னா, கழட்டிக் காட்டணும்லா."

பூஜ்ஜியத்தை அதன் இடத்தில் வைத்து அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது. அதற்குப் பிறகு ஒரு பூஜ்ஜியம்கூடத் தப்பவில்லை. கண்டெய்னர்கள் நகர்கின்றன, டிரைவர்கள் திட்டு வாங்குகிறார்கள், மேசை அவளுடையதாகவே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பூஜ்ஜியத்தைத் தட்டியதும் அவள் கண் காகிதத்தை விட்டுத் திரைக்குப் போய் அது விழுந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறது. வேண்டாம் என்று நினைத்தாலும் போகிறது. அவள் அவனை மன்னிக்காமல் இருப்பது அதற்காகத்தான்.