யோசிக்கக் கூடாத மனுஷன்

ஜான்சன் சாலவாக்கத்தில் நெல் அறுப்பு மெஷின் ஓட்டுகிறவன். மெஷின் இரைச்சலையும் மீறிப் பேசுவான். அவன் பக்கத்து வீட்டுக்காரனாக இருப்பது எனக்குச் சில நாள் தண்டனைதான்.

போன அறுப்பில் வயலிலேயே வலிப்பு வந்து விழுந்தான். தலைக்குள் கட்டி. செங்கல்பட்டில் ஆபரேஷன் செய்தும் கொஞ்சம் உள்ளே தங்கிவிட்டது. அவன் மனைவி மலர்க்கொடிக்குத் துணையாக நானும் டாக்டரைப் பார்க்கப் போனேன்.

நரம்பு செல்கள் ரசாயனத்தைக் கசியவிட்டுத்தான் ஒன்றோடொன்று பேசுமாம். அதை வாங்கிக்கொள்ள அவற்றின் மேல் ஏற்பிகள் உண்டு. சுற்றியிருக்கும் கிளியா செல்கள் வெறும் எடுபிடிகள் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்களாம். பார்த்தால் அவற்றிலும் அதே ஏற்பிகள்! கட்டி முளைத்தது அந்த வகை செல்லில். நரம்புகளின் பேச்சை வாங்கியே அது வளரக்கூடும் என்றார் டாக்டர்.

மலர்க்கொடி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். புருஷன் யோசித்தால் கட்டி வளரும்! டிவி போனது, செல்போன் போனது. பார்க்க வந்த பாஸ்டரிடம், "மனசுக்குள்ளயே ஜெபம் பண்ணுங்கய்யா" என்றாள். தூங்கும்போதும் மூளை சும்மா இருக்காது, டாக்டர் சொன்னது அதுவல்ல என்று சொல்லிப் பார்த்தேன். என்னையும் உள்ளே விடவில்லை. எனக்குக் கோபமான கோபம்.

ஜான்சனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் குழாயடிக்கும் நடந்துகொண்டே இருந்தான். அவன் எதைக் கேட்டாலும், "ஒண்ணுமில்ல, படு" என்பாள் மலர்க்கொடி.

நேற்று சாயங்காலம் சத்தம் கேட்டு ஓடினேன்.

"எனக்கு நாள் குறிச்சிட்டாங்களா? அத மறைக்கத்தான் எல்லாரும் வாய மூடிக்கினு கீறீங்களா? சொல்லு மே!"

மலர்க்கொடி அவன் கையைப் பிடித்தாள். "ஐயோ, அப்டி யாரும் சொல்லலய்யா. நீ யோசிச்சா அது வளந்துடும்னுதான்..."

"அடிப்பாவி! நீ பேசாம இருந்ததாலதான் ராவும் பகலும் அதையே யோசிச்சிக்கினு இருந்தேன். ஒரு நிமிசம் விடல."

யாரும் நாள் குறிக்கவில்லை என்ற தெம்பில் அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அப்போ நானே அத வளத்துட்டேனா?"

இல்லை என்று உடனே சொன்னேன். டாக்டரைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றாள். அடுத்த ஸ்கேனுக்கு இன்னும் நாள் இருக்கிறது.