உஷ் சாரின் பதிவுகள்

ஆள் நல்ல மனுஷர்தான். ஆனால் கச்சேரியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தும்ம முடியாது. கைக்குட்டையை எடுப்பதற்குள் அவர் விரல் உதட்டுக்குப் போகும், "உஷ்!" என்று ஒரு சத்தம் வரும், தும்மல் வந்த வழியே திரும்பிப் போய்விடும். அதனால் அவர் தவறாமல் கேட்கப் போகிற பாட்டுக் குழுவின் ரசிகர்கள் அவருக்கு 'உஷ் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெற்றவர்கள் வைத்ததைவிட இந்தப் பெயர்தான் அவருக்குப் பொருத்தம் என்று அவர் மனைவியே சொல்வாள்.

தொழில் லிஃப்ட் மெக்கானிக். கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிற வேலை. கம்பிவடம் சக்கரத்தில் உரசுகிறதா, பிரேக் முழுசாகப் பிடிக்கிறதா என்பதெல்லாம் அவருக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். அப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு அவர் அந்தக் குழுவிடம் போய் விழுந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

குழு என்றால் சாதாரணக் குழு இல்லை. முப்பது வருஷமாக அதே ஐந்து பேர். முடி கொட்டி, தொப்பை விழுந்து, ஒருத்தருக்கு முட்டி ஆபரேஷனும் ஆகிவிட்டது. ஆனாலும் நேற்று வாசித்த மாதிரி இன்றைக்கு வாசிக்கமாட்டார்கள். பாட்டு எல்லாருக்கும் தெரிந்த மாதிரிதான் தொடங்கும். நாலு வரி பாடியதும் கிடார்காரர் எதையோ தேடிக்கொண்டு கிளம்புவார், டிரம்ஸ்காரர் அவர் பின்னாலேயே போவார், மற்ற மூன்று பேரும் இவர்களைத் தேடிக்கொண்டு போவார்கள். "பாட்டு வெளியே போயிருச்சு" என்பார்கள் ரசிகர்கள். எங்கெங்கோ அலைந்துவிட்டு மறுபடி அந்தப் பழைய வரிக்கு வந்து சேரும்போது "வீட்டுக்கு வந்துருச்சு!" என்று எழுந்து நின்று கத்துவார்கள். இன்றைக்குப் போன வழி நாளைக்குக் கிடைக்காது என்பதால், மைக் கொண்டுவந்து பதிவு செய்துகொள்ளக் குழுவே அனுமதித்திருந்தது. அரங்கத்தின் பின்பக்கம் அதற்கென்று ஒரு மூலை. அந்த மூலையில் உஷ் சாரின் மைக் கம்பம்தான் உயரம். அவர் பதிவில் ஓர் இருமல் இருக்காது, ஒரு நாற்காலி கிறீச்சிடாது. அதற்காக ரசிகர்கள் அவரை மதித்தார்கள். மதித்தார்களே தவிர, யாரும் கிட்டே போய் உட்காரவில்லை.

உட்கார்ந்தது ஒரே ஒரு ஆள், மனைவி. அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. நாள் பூரா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பேசிப் பேசிப் பழகிய வாய். அந்த வாயைக் கட்டிக் கச்சேரியில் உட்காரவைப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் "ஏங்..." என்று ஆரம்பிப்பாள். 'க' வருவதற்குள் விரல் உதட்டுக்குப் போய்விடும். போகப்போக அவள் பேசுவதை விட்டு, அவர் முட்டியில் தட்ட ஆரம்பித்தாள். கச்சேரி முடிந்து, கைதட்டல் அடங்கி, அவர் கருவியை அணைத்த பிறகுதான் அவளுக்கு விடுதலை. பஸ்ஸில் வழி முழுக்கக் கொட்டித் தீர்ப்பாள்.

"டிரம்ஸ்காரர் சட்டையில ரெண்டாவது பட்டன் இல்ல, பாத்தீங்களா? முன்வரிசையில ஒரு ஜோடி, வரும்போது முறைச்சிக்கிட்டு வந்தாங்க, போகும்போது கை கோத்துக்கிட்டுப் போறாங்க. அப்புறம் நடுவுல பாட்டு எங்கேயோ போச்சே, அது திரும்பி வர்றதுக்குள்ள நான் நாளைக்கு என்ன சமைக்கிறதுன்னே முடிவு பண்ணிட்டேன்."

"ம்" என்பார் அவர். மனசு பதிவில் இருக்கும்.

அவருக்கு நேர் எதிர் ஒரு டயர் கடைக்காரர். கம்பமும் கிடையாது, மைக்கும் கிடையாது. செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு கூட்டத்தையே சேர்த்துக்கொண்டு நடு வரிசையில் உட்கார்ந்து பதிவு செய்வார். அதில் பாட்டைவிடச் சட்டை உரசுகிற சத்தம்தான் அதிகம் என்று அவருக்குக் 'கரகர' என்று பெயர். ஒருதடவை அவர் ஒரு சிடியை எடுத்துக்கொண்டு நேராக மூலைக்கே வந்துவிட்டார். "சார், உங்களுக்குன்னே போட்டேன். கேட்டுப் பாருங்க." உஷ் சார் வாங்கிக்கொண்டார். கேட்கவில்லை. அந்தச் சமயம் வீட்டு பால்கனியில் புறாத் தொல்லை. பளபளவென்று ஏதாவது தொங்கினால் புறா வராது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சிடியில்தான் நடுவில் ஓட்டை இருக்கிறதே, கயிறு கட்ட வசதியாகப் போயிற்று. மனைவி அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதது அவருக்கு வித்தியாசமாகவும் படவில்லை.

காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் கிடையாது. வந்த உறவுக்காரர்கள் வந்த மாதிரியே திரும்பிப் போனார்கள். வீட்டில் குழாய் சொட்டுகிற சத்தமும் ஃபிரிட்ஜ் முனகுகிற சத்தமும்தான் மிச்சம். ஆயுசு முழுக்க அவர் கேட்ட அமைதி அது, கேட்டபடியே கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. வேலை முடிந்தாலும் மோட்டார் அறையை விட்டு இறங்க மனசு வராமல், நன்றாக ஓடுகிற லிஃப்டையே மறுபடி மறுபடி ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு காலையில், முகச் சவரம் செய்துகொண்டிருக்கும்போது, "ஏங்க, கேஸை அடைச்சீங்களா?" என்று அவள் கேட்பது ஞாபகம் வந்தது. வார்த்தை வந்தது. ஆனால் அது அவருடைய குரலிலேயே வந்தது. பிளேடைக் கீழே வைத்துவிட்டு மறுபடி நினைத்துப் பார்த்தார். முகம் வருகிறது, உதடு அசைகிறது, குரல் மட்டும் வரவில்லை. ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்தக் கட்டடத்து லிஃப்ட் என்று சொல்லிவிடுகிறவருக்கு, சொந்தப் பெண்டாட்டியின் குரல் மறந்துபோயிருந்தது. பாதிச் சவரத்தோடு வெளியே வந்து தேட ஆரம்பித்தார்.

கல்யாண வீடியோவில் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பாட்டைப் போட்டு மூடியிருந்தார்கள். செல்போனில் குரல் பதிவு அனுப்புகிற பழக்கம் அவளுக்கு இல்லை. "எதிர்ல ஆளே இல்லாம யார்கிட்டப் பேசுறது?" என்பாள். மிச்சம் இருந்தது கச்சேரிப் பதிவுகள். அலமாரி அலமாரியாக, இத்தனை வருஷத்துப் பதிவுகள், ஒவ்வொன்றிலும் அவள் அவருக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வேலைக்குப் போய்வந்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் அதே வேலையாக இருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாட்டு இடைஞ்சலாக இருந்தது.

எதிலும் அவள் இல்லை. இருக்கவும் முடியாது. அவள் பேச்சை விட்டுத் தட்ட ஆரம்பிக்கும்வரை, ஒவ்வொரு கச்சேரிக்குப் பிறகும் உட்கார்ந்து, அந்த "ஏங்"கையும் அதற்கு அடுத்து வரும் தன் "உஷ்"ஷையும் தேடித் தேடி வெட்டி எறிந்தவர் அவரேதான். ஒரே ஒரு இடத்தில் கத்தி கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தது. அங்கே ஒரு "ஏ" இருந்தது. வெறும் "ஏ". அது அவள்தானா, பின்னால் இருந்த வேறு யாராவதா என்றுகூட நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். அப்புறம் வாய்விட்டு அழுதார், பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்றுகூட யோசிக்காமல். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இவருக்குக் காது நன்றாகத்தான் இருந்தது.

ரொம்ப நாள் கழித்து குழு மறுபடி வந்தது. ஞாயிற்றுக்கிழமை, மத்தியானக் கச்சேரி. போகவேண்டும் என்று ஆசை இல்லை. போகாமல் வீட்டில் இருக்கவும் முடியவில்லை. கம்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசல் வரிசையில் நின்றபோது, பின்னாலிருந்து டயர் கடைக்காரர் கையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"சார்! அக்கா எங்க, இன்னும் வரலியா?"

உஷ் சாரை எல்லாரும் 'சார்' என்றார்கள். அவளை மட்டும் 'அக்கா' என்கிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் அவர் கவனித்தார்.

"வரல."

"பரவால்ல, மெதுவா வரட்டும். எங்க ஆளுங்க முன்னாடியே உள்ள போய் எங்க வரிசையில இடம் போட்டுட்டாங்க."

"உங்க வரிசையிலயா? எதுக்கு?"

"என்ன சார், தெரியாத மாதிரி கேக்கறீங்க! இடைவேளை முடிஞ்சா அக்கா எங்ககூடத்தானே உக்காருவாங்க. இன்னைக்கு நேத்தா, எத்தனை வருஷமா!"

இடைவேளையில் அவள் எழுந்துகொள்வாள். "கால் மரத்துப்போச்சு, கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்பாள். கடைசிப் பாட்டுக்குத்தான் திரும்பி வருவாள். அப்பாடா என்று இருக்கும் அவருக்கு. ஒருநாளாவது எங்கே நடந்தாய் என்று கேட்டதில்லை, நடு வரிசை இருட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்ததும் இல்லை.

"அவ போயிட்டா" என்றார்.

"எங்க, ஊருக்கா?"

அவர் கம்பத்தைத் தோள் மாற்றிப் பிடித்தார். டயர் கடைக்காரருக்கு மெல்லப் புரிந்தது. கம்பத்தைப் பிடித்திருந்த கையை அப்படியே பற்றிக்கொண்டார். "ஐயோ... எப்ப சார்? ஒரு வார்த்தை சொல்லலியே சார்."

"யார்கிட்ட சொல்றது?"

அது குத்தலாகச் சொன்னதில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. வரிசை நகர்ந்தது, இருவரும் நகர்ந்தார்கள். அப்புறம் உஷ் சார் தயங்கித் தயங்கிக் கேட்டார். "உங்க ரெக்கார்டிங்ல... ஆளுங்க பேசுறது விழும் இல்ல?"

"விழுமாவா? அது மட்டும்தான் சார் விழும்! பாட்டு எங்கேயோ பின்னால கேக்கும், முன்னால பூரா அக்காதான். அதுக்குத்தானே உங்களுக்கு ஒரு சிடி போட்டுக் குடுத்தேன். அக்கா அப்பவே வேணாம்னாங்க. 'அவர்கிட்டயா? செவிடன் காதுல ஊதின சங்குதான்'னாங்க. கேட்டீங்களா சார்?"

பால்கனிக் கயிற்றில் அது இன்னும் தொங்குகிறது. வெயிலும் மழையும் பட்டு, தோல் உரிந்து, மறுபக்கம் தெரிகிற அளவுக்கு வெளுத்துப்போயிற்று. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இந்த மனுஷர் அதைப் புறா விரட்டக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

"இப்ப... உங்ககிட்ட இருக்கா?" என்றார்.

"போன் மாத்தினப்போ பழசெல்லாம் போயிருச்சு சார். ஒண்ணே ஒண்ணு இருக்கு. நீங்க ரெண்டு பேரும் கடைசியா வந்தீங்களே, அந்தக் கச்சேரி. இடைவேளையில தரேன், வாங்க."

அன்றைக்கு அவர் கம்பத்தை நிறுத்தவில்லை. முதல் பாதியில் என்ன வாசித்தார்கள் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. விளக்கு எரிந்ததும் நடு வரிசைக்குப் போனார். டயர் கடைக்காரர் காலி நாற்காலியைக் காட்டினார். அக்காவுக்குப் போட்டுவைத்த இடம். உஷ் சார் வருவதைப் பார்த்து வரிசையே கப்சிப் என்று ஆனது. அவர் உட்கார்ந்து, டயர் கடைக்காரர் தன் போனில் மாட்டி நீட்டிய இயர்போனைக் காதில் வைத்தார்.

சட்டை உரசியது. பொட்டலம் பிரிகிற சத்தம். தூரத்தில் கிடார். அப்புறம், திடீரென்று, காதுக்குள்ளேயே அவள்.

"தம்பி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. என் மனுஷனை மறைக்கிறீங்க."

அவர் நினைத்துவைத்திருந்ததைவிடக் கொஞ்சம் கனத்த குரல். வார்த்தை முடிகிற இடத்தில் லேசாகக் கரகரக்கும். அது எப்படி மறந்தது என்று அவருக்கு விளங்கவேயில்லை.

"அக்கா, மேடை இந்தப் பக்கம்" என்றது ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள்.

"மேடையைப் பாக்க நீங்க இத்தனை பேர் இருக்கீங்க. அவரைப் பாக்க யார் இருக்கா? அங்க பாருங்க, பாட்டு வெளியே போனா தலையை இப்படிச் சாய்ப்பார். வீட்டுக்கு வர்றப்போ காது ரெண்டும் மேல ஏறும். இருங்க, வருது, வருது... ஏறிடுச்சு! பாத்தீங்களா? இதுக்குத்தான் நான் டிக்கெட் வாங்குறது."

இங்கிருந்து பார்த்தால் பதிவு மூலை நன்றாகத் தெரிந்தது. கம்பங்களுக்கு நடுவில் அவர் இடம் காலியாக இருந்தது.

"சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க. இப்ப திரும்புவார் பாருங்க. திரும்பி..."

வெகு தூரத்திலிருந்து, சின்னதாக, அவருடைய குரலே வந்தது. "உஷ்!"

வரிசை வெடித்துச் சிரித்தது. அவள் சிரிப்புதான் கடைசியில் அடங்கியது. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, டயர் கடைக்காரரிடம் மட்டும் பேச ஆரம்பித்தாள்.

"போற வழியில நான் எல்லாத்தையும் சொல்வேன் தம்பி. 'ம்'ம்பார். ஒண்ணும் காதுல ஏறாது, எனக்கும் தெரியும். ஆனா என்னைக்காவது ஒரு நாள் அவர் நிஜமாவே காது குடுத்துக் கேட்டார்னா, அவர்கிட்ட நான்..."

அரங்கத்தில் விளக்கு அணைந்தது. கூட்டம் கத்தியது. மேடையில் டிரம்ஸ் இடித்தது, கிடார் எழுந்தது, மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. காதுக்குள் அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசுகிறாள் என்று மட்டும் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினார். இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்திக்கொண்டு குனிந்தார். திருப்பிப் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம் என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. அவள் இப்போது பேசுகிறாள், இப்போதே கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

நிமிர்ந்து மேடையைப் பார்த்தார். முப்பது வருஷமாக யார் பின்னாலேயே அலைந்தாரோ அந்த ஐந்து பேரையும் பார்த்து, விரலை உதட்டில் வைத்தார்.

"உஷ்!" என்றார்.

அவர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.