சுண்டையும் கத்திரியும் ஒரே வகையறா

நனைந்த வாழைநாரின் புளித்த வாடை மூக்கில் பட்டால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. பூதலூர்ப் பக்கம் எங்கள் தெருவில், 'கூலி ஏத்தாம நடவுக்கு எறங்குறதில்ல' என்று பேச்சு நடந்த கோடையில் பிடித்த வாடை அது. வேலை நின்றால் கஞ்சிக்கு என்ன வழி என்பது அம்மாவின் கவலை; கைவசம் இருந்ததோ கொல்லையில் பன்னிரண்டு கத்திரி நாற்று, அதுவும் வருஷா வருஷம் பூத்த கையோடு வேர் அழுகிச் சாகிற ரகம். வேலியோரச் சுண்டைக்கு மட்டும் ஒரு நோயும் வராது.

அஞ்சாம் வகுப்போடு நின்று கொல்லையிலேயே கிடந்த நான்தான் முதலில் கவனித்தேன்: சுண்டைப்பூ வெள்ளை, கத்திரிப்பூ ஊதா, ஆனால் இரண்டுக்கும் அதே ஐந்து முனை, நடுவில் அதே மஞ்சள் மூக்கு, காயைப் பிடித்திருக்கும் அதே பச்சைத் தொப்பி. பண்ணைத் தோப்பில் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதைப் பார்த்திருந்த அம்மா, "ஒரே 'வகையறா'ன்னா ஒட்டும்டி" என்று சுண்டைக் கன்றின் தலையை வெட்டி, கத்திரி நுனியைச் செருகி, நாரால் கட்டினாள். ஆறு கட்டியதும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். மிச்ச ஆறையும் என்னிடம் விட்டுப் போனாள்.

நாரைக் கையில் எடுத்ததும் எனக்கு ஒரு சந்தேகம். ஒரே வகையறாவுக்குள் பெண் கொடுத்தால் குலம் விளங்காது என்பார்களே? மாமன் வீட்டில்தானே கட்டுவோம், பங்காளி வீட்டிலா? யோசித்து யோசித்து, பூவில் ஒட்டோ உறவோ இல்லாத ஆமணக்குக் கன்றுகளில் ஆறு நுனியையும் கட்டினேன். நிமிஷத்துக்கு ஒரு தரம் போய் நாரைத் தொட்டுப் பார்த்தேன். நாலாம் நாள் ஆறும் கருகித் தொங்கின. வேறு நாற்று இல்லை.

"ஏண்டி, ஆமணக்கு வீட்ல சம்பந்தம் பேசிட்டு வந்தியா?" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. தெருவே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை, அடிக்கவும் இல்லை. "கல்யாணத்துக்கு ஆகாத உறவுதான்டி ஒட்டுக்கு ஆகும்" என்றாள்.

வாய்க்காலில் தண்ணீர் வந்தும் கூலி ஏறவில்லை; தெருவே வயலில் இறங்காமல் நடவு நின்றது. அதற்குள் சுண்டையில் கட்டிய ஆறும் வாடாமல் காய்த்திருந்தன. காய் விற்று வாங்கிய நொய்க் கஞ்சியில் இருபது நாள் ஓடியது. மறுநாள் அப்பா யார் முகத்தையும் பாராமல் பழைய கூலிக்கே வயலில் இறங்கினார். அடுத்த வாரம் பண்ணை கூலியை ஏற்றியது. அப்பா மட்டும் தெருவுக்கு 'மொதல்ல எறங்குனவரு' ஆகிவிட்டார்.

இன்று அந்தக் கொல்லைமேல் ரோடு போகிறது. ஒட்டுக் கட்டிய கத்திரி நாற்றையே நர்சரியில் தட்டுத் தட்டாக விற்கிறார்கள்; பூவைப் பார்த்து உறவு கண்டுபிடிக்கிற வேலை யாருக்கும் இல்லை. அப்பாவும் போய்விட்டார். பன்னிரண்டும் பிழைத்திருந்தால் இன்னும் ஒரு வாரம் இறங்காமல் நின்றிருப்பீர்களா என்று அவரிடம் கேட்கக் கடைசிவரை எனக்கு வாய் வரவில்லை.